உக்கிராணத்துவமும் கணக்கொப்புவித்தலும்: அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் மடல் பற்றி ஒரு திறனாய்வு

திருச்சபையில் பணத்தைப்பற்றிப் பேசுவது எளிதன்று. காணிக்கையைப்பற்றிப் பிரசங்கிக்கவேண்டிய ஞாயிறு நெருங்கும்போது குருவானவர் பலர் உள்ளூரக் கூசுகின்றனர்; சபையாரோ, "மறுபடியும் பணந்தானா?" என்று முணுமுணுக்கின்றனர். இக்கூச்சத்திற்கும் முணுமுணுப்புக்கும் நடுவே, காணிக்கையை நிதி திரட்டும் முயற்சியாகக் கொள்ளாமல் சீடத்துவத்தின் ஒரு கூறாகவே கற்பிக்க முயன்ற ஆவணம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 1992 நவம்பரில் ஏற்றுக்கொண்ட "உக்கிராணத்துவம்: சீடனின் மறுமொழி" என்னும் மேய்ப்புப்பணி மடலே அது. (அவர்கள் 'ஆயர்' என்று வழங்குவது நாம் 'பேராயர்' என்று வழங்குபவரையே, நம் சபைக்குருவுக்கு இணையானவர் அவர்களிடையே 'பங்குக்குரு' எனப்படுவார்.)

இம்மடலைச் சீர்திருத்தச் சபைகளைச் சார்ந்த நாம் ஏன் ஆராயவேண்டும்? காரணங்கள் இரண்டு. முதலாவது, உக்கிராணத்துவம் என்பதைக் காணிக்கைப் போதனையின் மையச் சொல்லாக்கியவர்கள் வட அமெரிக்கச் சீர்திருத்தச் சபையாரே. அரசின் உதவியோ நிலமானியமோ இல்லாத நாட்டில், விருப்பக் காணிக்கையால் மட்டுமே வாழவேண்டியிருந்த அச்சபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன்பின்பும் வளர்த்த கருத்தையே கத்தோலிக்க ஆயர்கள் பின்னர் ஏற்று, தம் மரபுக்கேற்ப விரித்தனர். இரண்டாவது, அம்மடலின் வலிமையும் குறையும் நம் சபைகளின் வலிமையும் குறையுமாகவே நமக்குத் தோன்றுகின்றன.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். கத்தோலிக்கரின் காணிக்கை என்றதும் நம்மவரிற் பலருடைய நினைவு 1517-க்கும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கும் ஓடிவிடுகிறது. ஆனால் காணிக்கைத் தண்டலரின் பதவியையே திரெந்து சங்கம் 1562-இல் ஒழித்துவிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்குறையைக் கண்ணாடியாக அணிந்துகொண்டு இன்றைய மடலைப் படிப்பது நேர்மையாகாது. மடலை அது சொல்லுகிறபடியே கேட்டு, அதன்பின் மதிப்பிடுவோம்.

மடலின் பின்னணி

அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை ஏழைக் குடியேறிகளின் காசுகளால் எழும்பியது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த தொழிலாளரும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் கொடுத்த சிறு காணிக்கைகளே பெருங்கோயில்களாயின. ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளி வேண்டும் என்று 1884-இல் பால்டிமோர் நகரில் கூடிய மூன்றாம் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. அக்கட்டளையை நிறைவேற்றியவர்கள் பெரும்பாலும் அருட்சகோதரிகள். அவர்கள் பெற்ற ஊதியம் மிகச் சொற்பம். அந்நாட்டுத் திருச்சபைக்கு வழங்கப்பெற்ற காணிக்கைகளுள் மிகப் பெரியது எந்தக் காணிக்கை உறையிலும் வைக்கப்படவில்லை. அது அச்சகோதரிகளின் வாழ்நாள் உழைப்பு. 1960-களுக்குப்பின் அவர்கள் தொகை குறைந்தது. சம்பளம் பெறும் ஆசிரியர்கள் அவர்கள் இடத்திற்கு வந்தபோதுதான், அதுகாறும் மறைந்திருந்த செலவு பங்குகளின் கண்ணுக்குப் புலனாயிற்று.

அதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. குருவும் சமூகவியல் அறிஞருமான ஆண்ட்ரூ கிரீலியும், ஆயர் வில்லியம் மக்மானஸும் 1987-இல் வெளியிட்ட "கத்தோலிக்கக் காணிக்கைகள்" என்னும் நூல், 1960-களின் தொடக்கத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் தம் வருமானத்தில் ஏறத்தாழ 2.2 விழுக்காட்டைத் திருச்சபைக்கு அளித்தனர் என்றும், 1980-களின் நடுவில் சீர்திருத்தச் சபையார் அதே அளவில் நிற்கக் கத்தோலிக்கரின் கொடை 1.1 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்றும் காட்டியது. வருமானம் உயர்ந்தது, கொடையின் விகிதம் பாதியாயிற்று. இதற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. 1968-இல் வெளிவந்த குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சுற்றுமடலை ஒட்டித் திருச்சபை அதிகாரத்தின்மேல் எழுந்த மனக்கசப்பே முக்கிய காரணம் என்று கிரீலி வாதிட்டார். அவருடைய விளக்கத்தை எல்லாரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், பேசுவதற்கு வாய்ப்பில்லாத மக்கள் பணப்பையை மூடுவதன்மூலம் பேசுகிறார்கள் என்னும் அவருடைய உய்த்துணர்வு எளிதில் தள்ளத்தக்கதன்று.

மடலின் இறையியல்

இச்சூழலில் ஆயர்கள் பணமுடையை முன்வைத்து எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யாததே மடலின் முதற்சிறப்பு. அதன் ஐந்து பகுதிகளும் அழைப்பு, இயேசுவின் வழி, உக்கிராணக்காரராக வாழ்தல், திருச்சபையின் உக்கிராணக்காரர், கிறிஸ்தவ உக்கிராணக்காரர் என்னும் வரிசையில் செல்லுகின்றன. சீடராக அழைக்கப்படுதலே தொடக்கம். காணிக்கை அவ்வழைப்புக்குக் கொடுக்கும் மறுமொழியின் ஒரு பகுதி. இறைவனின் ஈவுகளை நன்றியுடன் பெறுதல், பொறுப்புடன் பேணுதல், நீதியோடும் அன்போடும் பகிர்தல், பெருக்கத்துடன் ஆண்டவரிடம் திருப்பி அளித்தல் ஆகிய நான்கும் உக்கிராணக்காரனின் இலக்கணமாக வரையறுக்கப்படுகின்றன. படைப்பைப் பேணுதலும், உழைப்பும், அழைப்புக்கேற்ற வாழ்வும் இவ்வரையறைக்குள் அடங்குகின்றன. நுகர்வு வெறியும் தன்னலமும் நிறைந்த சமுதாயத்தில் இவ்வாறு வாழ்வது விலை கொடுக்கவேண்டிய வாழ்வு என்பதை ஆயர்கள் மறைக்கவில்லை.

கூரை ஒழுகுகிறது, ஆகவே கொடுங்கள் என்பது நிதி திரட்டல். கூரை ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் நன்றியுள்ள மனிதன் கொடுக்கவேண்டியவனாயிருக்கிறான் என்பது மடலின் போதனை. திருச்சபைக்குத் தேவை இருப்பதைவிடக் கொடுப்பவனுக்குக் கொடுக்கவேண்டிய தேவை பெரிது என்னும் இக்கருத்து, செயல்களால் நீதிமானாக்கப்படுதல் என்னும் பழைய தர்க்கத்திற்கும் இடம் தரவில்லை. கிருபை முந்துகிறது, கொடை பிந்துகிறது. எந்தச் சீர்திருத்தச் சபைப் போதகரும் தயக்கமின்றி இதைத் தம் பிரசங்கபீடத்திலிருந்து கூறலாம்.

விச்சிட்டாவின் அனுபவம்

இப்போதனை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், அசிசியின் புனித பிரான்சிஸ் பங்கிற்கு 1968-இல் குருவாக வந்த அயர்லாந்து நாட்டவர் தாமஸ் மக்ரீட், நேரம், திறமை, பொருள் ஆகிய மூன்றையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் வாழ்வாக உக்கிராணத்துவத்தைப் பங்கு மக்களுக்குக் கற்பித்தார். 1985-இல் ஆயர் யூஜீன் கெர்பரின் காலத்தில் மறைமாவட்டம் முழுவதுமே அவ்வழியை மேற்கொண்டது. செயல்படும் உறுப்பினராயுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கப் பள்ளிகளில் கட்டணம் வேண்டாம். செலவை முழுப் பங்கும் ஏற்கும் என்னும் ஏற்பாடு உயர்நிலைப் பள்ளிவரை விரிந்தது. பசித்தோர்க்கு உணவளிக்கும் 'ஆண்டவரின் உணவகம்' 2002-இல் அந்நகரில் திறக்கப்பட்டது.

இங்கு நாம் மெச்சவேண்டியது யாது? பிள்ளை இல்லாத முதியவரும் பள்ளிக்குக் கொடுத்தனர். பிறருடைய பிள்ளையைத் தம் பிள்ளையாகக் கருதும் ஒரு சமூகம் உருவாயிற்று. பல மறைமாவட்டங்களில் பங்குப் பள்ளிகள் வசதியுள்ளோர் மட்டுமே எட்டக்கூடியவையாக மாறிவந்த நாளில் இது சிறிய காரியமன்று.

ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பாமலிருக்க இயலவில்லை. கட்டணம் நீங்கிய இடத்தில் 'செயல்படும் உறுப்பினர்' என்னும் நிபந்தனை வந்து அமர்கிறது. பள்ளியில் பிள்ளை படிக்கும் ஆண்டுகளில் மட்டும் தாராளமாகக் கொடுத்துப் பின் கையைச் சுருக்கிக்கொள்ளும் பெற்றோர் கொடுத்தது காணிக்கையா, மறைமுகக் கட்டணமா? இவ்வினாவுக்கு விதிமுறையால் விடை காணமுடியாது. மனமாற்றமே விடை என்று விச்சிட்டாவின் குருமார் கூறுவர். அது உண்மையே. ஆயினும் நற்பலன் ஒன்றைக் கொடையுடன் பிணைத்துவிட்டால், கொடையின் தூய்மையை ஆண்டுதோறும் சோதித்தறியும் கடமையும் உடன் வருகிறது என்பதை மறத்தலாகாது.

மடல் சுருக்கமாகக் கடந்துசென்ற இடம்

மடலின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. பங்குக்குருவும் பணியாளரும் திறந்த மனத்துடனும், கலந்தாலோசித்தும், கணக்குக் கூறும் பொறுப்புடனும் நடக்கவேண்டும் என்று ஆயர்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் மக்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்பது மடல் முழுவதும் விரிகிறது; கொடுக்கப்பட்டதற்குத் திருச்சபை எவ்வாறு கணக்குக் கூறவேண்டும் என்பதோ ஓரிரு சொற்றொடர்களில் முடிந்துவிடுகிறது. உக்கிராணக்காரன் என்னும் உருவகத்தையே இது ஒருபுறமாகச் சாய்த்துவிடுகிறது என்பது நம் கருத்து.

தமிழில் இச்சொல்லின் பொருளை எண்ணிப்பார்ப்போம். உக்கிராணம் என்பது பண்டகசாலை. திருமண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை வைத்திருப்பவர் அரிசியையும் பருப்பையும் தம் வீட்டிலிருந்து கொண்டுவருபவர் அல்லர். பிறர் சேர்த்துவைத்ததை அளந்து கொடுத்து, மிச்சத்திற்குக் கணக்குச் சொல்பவர். புதிய ஏற்பாட்டிலும் அப்படியே. லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில், இவ்வுவமை எங்களுக்கா எல்லாருக்குமா என்று பேதுரு கேட்கும்போது, வீட்டாருக்கு ஏற்ற வேளையில் படியளக்கும் உக்கிராணக்காரனைப்பற்றியே ஆண்டவர் பேசுகிறார். பதினாறாம் அதிகாரத்தில் எஜமான் உக்கிராணக்காரனை அழைத்துக் கேட்பது கணக்கையே. 1 கொரிந்தியர் நான்காம் அதிகாரத்தில் இப்பெயரைப் பவுல் தமக்கும் தம் உடன் ஊழியருக்கும் இட்டுக்கொள்கிறார். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் அது கண்காணியைக் குறிக்கிறது. மடல் மிகவும் சார்ந்து நிற்கும் 1 பேதுரு 4:10 ஒன்றே இப்பெயரை எல்லா விசுவாசிகளுக்கும் விரிக்கிறது. அவ்விரிவு பெருங்கிருபை. ஆனால் விரிவை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலில் அப்பெயரைப் பெற்ற ஊழியர்களை மறந்துவிட்டால், கொடுப்பவன் மட்டுமே உக்கிராணக்காரனாகவும் பெறுபவர் எஜமானாகவும் ஆகிவிடுகின்றனர். எஜமான் ஆண்டவர் ஒருவரே. சாவியை வைத்திருப்பவர் எவரும் கணக்குக் கூறவேண்டியவரே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. வில்லனோவா பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் சார்லஸ் ஸெக் 2000-இல் வெளியிட்ட "கத்தோலிக்கர் ஏன் கொடுப்பதில்லை" என்னும் ஆய்வு, பங்கின் முடிவுகளில் மக்களுக்குப் பங்கு இருக்குமிடத்தில் கொடையும் மிகுகிறது என்று கண்டது. அவரும் மற்றொரு பேராசிரியரும் நடத்தி 2007-இல் வெளிவந்த வேறோர் ஆய்வுக்கு 78 மறைமாவட்டங்கள் விடையளித்தன; அவற்றுள் 85 விழுக்காடு, முந்தைய ஐந்தாண்டுகளில் கையாடல் நடந்ததைக் கண்டறிந்ததாகத் தெரிவித்தன. கணக்கைக் கேட்பது அவிசுவாசம் என்று எண்ணுவோர் இவ்வெண்ணைச் சிந்திக்கவேண்டும்.

எண்களைவிட ஆழமாகப் பேசுவது பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் வரலாறு. குருமார் சிலர் சிறுவர்க்கு இழைத்த கொடுமைகளும், அவை மறைக்கப்பட்டமையும் 2002-இல் வெளிப்பட்டன. பாதிக்கப்பட்டோர்க்கு 8 கோடியே 50 லட்சம் டாலர் ஈடு தர 2003-இல் உடன்பாடாயிற்று. 2004-இல் பல பங்குகள் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தலைமை கூறிற்று. மக்கள் பலர் நம்பவில்லை. சிச்சுவேட் என்னும் கடலோர ஊரில் புனித பிரான்சிஸ் சேவியர் கப்ரினி பங்கு மக்கள் 2004 அக்டோபரில் கோயிலுக்குள் அமர்ந்து இரவும் பகலும் முறைவைத்துக் காவல் காத்தனர். அக்காவல் 2016 மே மாதம் வரை நீடித்தது. உரோமைத் திருச்சபை மன்றங்களிலும் நாட்டு நீதிமன்றங்களிலும் அவர்கள் தோற்றனர். அம்மறைமாவட்டத்தின் சொத்துரிமை பேராயர் பதவியிலேயே தனிநபர் கழகமாக நிலைபெற்றிருந்தது. கோயிலைக் கட்டக் கொடுத்தவர்கள் அவர்கள். அதை மூடும் முடிவில் அவர்களுக்கு வாக்கில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக வெறுங்கோயிலைக் காத்த அம்மக்களைவிட நல்ல உக்கிராணக்காரரை எங்கே காண்போம்? எனினும் மடலின் மொழியில் அவர்களுக்கு ஓரிடம் தேடினால் கிடைப்பதில்லை.

இக்குறையைத் திருத்தும் கருவி கத்தோலிக்க மரபிலேயே இல்லாமலில்லை. 1820-இல் சார்ல்ஸ்டன் நகரின் முதல் ஆயராக வந்த ஜான் இங்கிலாந்து, குருக்களும் பொதுநிலையினரும் ஆண்டுதோறும் கூடும் பேரவையை எழுத்துருவான சட்டத்தின்படி அமைத்தார். தர்மகர்த்தாக்களுக்கும் ஆயர்களுக்கும் மூண்ட பூசல்களின் விளைவாக அமெரிக்கத் திருச்சபை வேறு திசையில் சென்றது. 1842-இல் அவர் இறந்தபின் பேரவையும் மறைந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்கிறது (சட்டம் 537). மக்கள் அளித்த பொருளுக்கு மக்களிடமே கணக்குக் கூறவேண்டும் என்றும் விதிக்கிறது (சட்டம் 1287). திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமையைக் கூறும் அதே 222-ஆம் சட்டம், சமூக நீதியை வளர்த்து ஏழைகளுக்கு உதவும் கடமையையும் உடன் வைக்கிறது. சட்டம் இவ்வளவு சொல்லியிருக்க, இவற்றை உக்கிராணத்துவ இறையியலின் நடுவிடத்திற்குக் கொணர்ந்திருந்தால் மடல் முழுமை பெற்றிருக்கும்.

பவுலடிகளின் முன்மாதிரி

எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கையே திருச்சபைக் கொடையின் முதல் பெருமுயற்சி. 2 கொரிந்தியர் எட்டு, ஒன்பதாம் அதிகாரங்களை நாம் ஸ்தோத்திரக் காணிக்கை நாட்களில் விரும்பி வாசிக்கிறோம்; உற்சாகமாய்க் கொடுத்தலைப்பற்றிய பகுதியை அழுத்திக் கூறுகிறோம். ஆனால் அதற்கு முன்னர் அப்போஸ்தலன் செய்வதைக் கவனிப்பதில்லை. பணத்தை அவர் தனியே கையாள மறுக்கிறார். சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட சகோதரன் ஒருவன் உடன் வருகிறான். ஆண்டவருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் குற்றஞ்சாட்டப்படாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று அவரே காரணமும் கூறுகிறார். 1 கொரிந்தியர் பதினாறாம் அதிகாரத்திலும், காணிக்கையைக் கொண்டுபோகிறவர்கள் கொரிந்தியர் தகுதியுள்ளவர்களாகக் கண்டவர்களே.

பவுலை நம்பாதவர் எவர்? ஆயினும் அவர் தம் நேர்மையைச் சான்றாகக் காட்டவில்லை. சாட்சிகளை உடன் அழைத்துச் சென்றார். உற்சாகக் கொடைக்கும் வெளிப்படையான கணக்குக்கும் ஒரே நிருபத்தில், அடுத்தடுத்த அதிகாரங்களில் இடம் உண்டு. ஒன்றைப் பிரசங்கித்து மற்றதை மறைப்பது வேதத்தைப் பாதியாக வாசிப்பதாகும்.

நமக்குரிய படிப்பினை

கத்தோலிக்கச் சகோதரரின் குறையைச் சுட்டிவிட்டு நாம் அமைதியாயிருக்க முடியாது. தெரிந்தெடுக்கப்பட்ட சபைக்கமிட்டியும், பொருளாளரும், தணிக்கையும் நம்மிடையே உண்டு என்று பெருமை கொள்கிறோம். ஆனால் தேர்தல் பகைமையிலும் சொத்து வழக்குகளிலும் நம் திருமண்டலங்கள் பல நீதிமன்றப் படிகளில் நின்ற வரலாறு நாமறியாததன்று. கணக்கு இருப்பது ஒன்று. கைப்பிடி அரிசி கொடுத்த விதவைக்கும் அது விளங்குவது வேறொன்று. வாக்கு இருப்பது ஒன்று. அதிகம் கொடுத்தவரின் குரலும் குறைவாகக் கொடுத்தவரின் குரலும் ஒரே அளவாய்க் கேட்கப்படுவது வேறொன்று.

நம் மரபில் நல்ல முன்மாதிரியும் உண்டு. திருநெல்வேலிச் சபையார் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோதும், 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும், வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய உடன் ஊழியரும் பற்றிநின்ற கொள்கை, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே. அம்மூன்றையும் அவர்கள் பிரிக்கவில்லை. பணத்தைக் கேட்டு நிர்வாகத்தை வேறோரிடத்தில் வைப்பது சுதந்தர மக்களுக்கு உகந்ததன்று என்பதை மிஷனெரிகளின் காலத்திலேயே அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆகவே குருவானவர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இது. உக்கிராணத்துவ ஞாயிறு அன்று பிரசங்கபீடம் ஏறுமுன், சென்ற ஆண்டின் வரவையும் செலவையும் எளிய தமிழில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். அதில் குருமனையின் செலவும் ஏழைகளுக்குச் சென்ற பங்கும் தனித்தனியே தெரியட்டும். சபையார் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். கேட்பவரைக் கலகக்காரர் என எண்ணாதிருங்கள். அதன்பின் அமெரிக்க ஆயர்கள் அழகுறக் கற்பித்ததை நீங்களும் கற்பியுங்கள்: வாழ்வு முழுவதும் ஈவு, கொடுத்தல் நன்றியின் செயல் என்று. தன் கணக்கை முதலில் ஒப்புவித்த உக்கிராணக்காரனுக்கே மற்றவரைக் கொடுக்கும்படி அழைக்கும் வாய் உண்டு.